ஈஸ்ட் கோஸ்ட் கடலில் கண்ட நீர்த்தூணும் டொர்னேடோவும் ஒன்றுதானா?

கேள்வி: பிடோக் வாசகி

அனைவருக்கும் வணக்கம். சென்ற சனிக்கிழமை காலை சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் மகனோடு நடந்துகொண்டிருந்தபோது, கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும் தொலைவில், கருமேகத்தின் அடியிலிருந்து யானையின் துதிக்கையைப் போன்ற ஒன்று கடலை நோக்கி இறங்கி, ஏறத்தாழ பத்து நிமிடங்கள் நின்று மறைந்தது. உயர்நிலை ஒன்றில் பயிலும் மகன், “இது டொர்னேடோதானே அம்மா, நம் அடுக்குமாடி புளோக்கிற்கும் வருமா?” என்று கேட்டான். மேகம் கடல்நீரை உறிஞ்சுகிறது என்று என் பாட்டி சொன்னதைத்தான் என்னால் சொல்ல முடிந்தது. இவை எப்படி உருவாகின்றன என்று தெரிந்தவர்கள் விளக்குவீர்களா?

மறுமொழி 1: இயற்பியல் ஆசிரியர்

வணக்கம் சகோதரி. மேகம் கடலை உறிஞ்சுவதில்லை. சுழலின் நடுவில் காற்றழுத்தம் குறைவதால் காற்று குளிர்ந்து, அதிலுள்ள நீராவி துளிகளாக மாறுகிறது. நீங்கள் கண்ட துதிக்கை அந்தத் துளிகளே. அடிப்பகுதியில் மட்டும் கடல்நீர் சிதறி எழும்.

நீர்த்தூண், டொர்னேடோ இரண்டும் மேகத்திற்கும் தரைக்கும் அல்லது நீருக்கும் இடையே சுழலும் காற்றுத் தூண்களே என்றாலும், சுழற்சி பிறக்கும் இடம் வேறு. அமெரிக்கச் சமவெளியில் மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று தாழ்வாகவும், மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று அதற்கு மேலாகவும் வீசுகின்றன. உயரம் கூடக்கூடக் காற்றின் வேகமும் திசையும் மாறுவதால், இடைப்பட்ட காற்று சப்பாத்திக் கட்டையைப் போலக் கிடையாக உருள்கிறது. இடிமேகத்திற்குள் ஏறும் வலிய காற்று அந்த உருளையை நிமிர்த்திவிட, மேகமே சுழலத் தொடங்குகிறது. இதைத்தான் சூப்பர்செல் என்கிறார்கள். சுழற்சி தரையருகே ஒடுங்கும்போது, சுழல்நாற்காலியில் அமர்ந்தவர் விரித்த கைகளை மடக்கினால் வேகம் கூடுவதைப் போல, அதன் வேகம் பன்மடங்காகிறது. ஆனாலும் பெரும்பாலான சூப்பர்செல்கள் டொர்னேடோவைத் தருவதே இல்லை; ஏன் சில மட்டும் தருகின்றன என்பது இன்றும் ஆய்வுக்குரிய கேள்வி.

நம் கடலில் நடப்பது இதற்குத் தலைகீழ். எதிரெதிர்க் காற்றுகள் சந்திக்கும் கோட்டில் நீர்ப்பரப்பின் மீது சிறு சுழல்கள் எழுகின்றன. அவற்றின் மேலே ஒரு மேகம் வேகமாக வளர்ந்தால், ஏறுகாற்று சுழலை மேல்நோக்கி இழுத்து மெலிதாக்குகிறது. இத்தகைய நீர்த்தூண் கரையேறினால் விரைவில் வலுவிழந்துவிடும். அமெரிக்காவில் 2013 மே 31 அன்று எல் ரீனோ நகருக்கு அருகே வீசிய டொர்னேடோவோ நான்கு கிலோமீட்டருக்கும் மேல் அகலமானது.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற கப்பல் ஊழியர்

ஆசிரியர் சொன்னது சரி. ஆனால், சிறு படகிலோ கயாக்கிலோ இருப்பவர்களுக்கு நீர்த்தூண் ஆபத்தானதே. கண்டால் விலகிச் செல்ல வேண்டும். புளோக்கில் இருப்பவர்கள் அஞ்ச வேண்டியது சுமத்ரா புயற்காற்றுக்கு. 1984 ஏப்ரல் 25 அன்று தெங்காவில் காற்று மணிக்கு 144.4 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. அது சுழன்று வருவதன்று, வரிசையாக நகரும் இடிமேகங்களோடு வருவது. நம் பேச்சில் எல்லாவற்றையும் சூறாவளி என்றே சொல்லிவிடுவதால்தான் பிள்ளைகளுக்குக் குழப்பம்.

பிடோக் வாசகி

இருவருக்கும் மிக்க நன்றி. பூமத்திய ரேகைக்கு அருகில் பூமிச் சுழற்சியின் விளைவு குறைவாக இருப்பதால்தான் இங்கு டொர்னேடோ வருவதில்லையா என்று மகன் இப்போது கேட்கிறான்.

மறுமொழி 3: இயற்பியல் ஆசிரியர்

நல்ல கேள்வி. அந்தக் காரணம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரவும் வெப்பமண்டலப் புயலுக்கே பொருந்தும். அதனால்தான் 2001 டிசம்பரில் நமக்கு மிக அருகே, வடக்கு 1.5 பாகையில், வாமெய் புயல் உருவானது வியப்பளித்தது. டொர்னேடோ அதைவிட மிகச் சிறியது, பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடுவது. பூமியின் சுழற்சி அதை நேரடியாகத் திருப்புவதில்லை. இங்கு இடிமேகத்திற்குப் பஞ்சமில்லை. உயரத்திற்கேற்ப வலுவாக மாறும் காற்றுதான் இல்லை.