தடுப்பில் சிக்கிய வளியை வெளியேற்றல்: 'வளிவடிப்பு' என்ற சொல்லுக்கு ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

மோட்டார் சைக்கிளின் முன் தடுப்பைக் (பிறேக்கைக்) கழற்றிச் செப்பனிட்ட பின் அதனுள் தங்கிவிடும் வளியை வெளியேற்றும் வேலைக்கு இக்கலைச்சொல் உரையாடல் இழையில் குருதிவடிப்பு, காற்றிறக்கம், வளியகற்றல் ஆகிய சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அந்த வேலை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை முதலில் விரித்துச் சொன்னால் தயக்கத்தின் காரணம் விளங்கும்.

சில்லருகே தடுப்புக் கட்டைகளை அழுத்தும் கலிப்பரின் இறப்பர் வளையங்களையும், கைப்பிடியால் இயங்கும் பிரதான உருளையின் உட்பாகங்களையும் மாற்றிப் பூட்டும்போது தொகுதியிலிருந்த திரவம் ஏறக்குறைய முழுவதும் வெளியேறிவிடுகிறது. புதிய திரவத்தை மேற்கலத்தில் ஊற்றினாலும், குழாய் வளைவுகளிலும், பிரதான உருளையோடு குழாய் பொருந்தும் துளைத்திருகின் அருகிலும், கலிப்பரின் மேல்மூலையிலும் வளி குமிழ்களாக நின்றுவிடும். அமுக்கத்துக்குத் திரவம் மிகச் சிறிதளவே சுருங்கும். வளியோ எளிதில் சுருங்கிவிடும். ஆகவே பிடியை இழுக்கும்போது அதன் அசைவு குமிழைச் சுருக்குவதிலேயே கழிந்துவிட, பிஸ்டனுக்குப் போதிய அமுக்கம் சென்று சேராமல், பிடி மெத்தென்று அமிழ்ந்து கைபிடிக்கும் கம்பிவரை வந்துவிடும்.

இதனைச் சரிசெய்பவர் கலிப்பரின் உச்சியிலுள்ள நிப்பிளில் (திரவத்தை வெளிவிடும் துளையுள்ள சிறு திருகில்) உட்புறம் தெரியும் மெல்லிய குழாயொன்றை மாட்டி, மறுமுனையைச் சிறிது திரவம் உள்ள போத்தலுக்குள் அமிழ்த்தி, பிடியைச் சிலமுறை இழுத்துவிட்டு, பின் இழுத்துப் பிடித்தபடியே நிப்பிளைச் சற்றுத் தளர்த்துகிறார். திரவத்தோடு கலந்து குமிழ்கள் வெளிவருகின்றன. பிடியை விடுவதற்கு முன்னரே நிப்பிளை இறுக்கிவிட வேண்டும். இல்லையேல் வெளியே சென்றது திரும்பவும் உள்ளே இழுபடும். குமிழற்ற திரவம் வரும்வரை இது தொடரும். இடையில் மேற்கலம் வற்றினால் புதிய வளி உள்ளே சென்று, அதுவரை செய்தது வீணாகும். வளி இயல்பாகவே மேலே ஏறும் என்பதால், சிலர் ஊசிக்குழலால் கீழிருந்து மேலாகத் திரவத்தைச் செலுத்துவதும் உண்டு. என் பார்வையில், முற்றாக வெறுமையான தொகுதிக்கு அதுவே இலகுவான வழி.

இனிச் சொற்களுக்கு வருவோம். குருதிவடிப்பு என்பது இவ்வேலையைக் குறிக்கும் 'bleeding' என்ற ஆங்கிலச் சொல்லின் நிழல். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசன் மருத்துவரான கிறீன் வைத்தியர் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த 19ஆம் நூற்றாண்டிலிருந்தே குருதிக்குரிய சொற்கள் மருத்துவத்துக்குத் தேவைப்பட்டு வந்துள்ளன. அவற்றை இயந்திரத்துக்குக் கடன் வாங்குவானேன்? காற்றிறக்கம் என்றால் எவரும் சில்லின் காற்றை இறக்குவதையே நினைப்பர். வளியகற்றல் மூன்றிலும் பொருத்தமானதுதான். ஆயினும் குளிரூட்டி பூட்டுபவர்கள் பம்பியால் குழாயை வெற்றிடமாக்குவதற்கும் அச்சொல் பொருந்தும். தடுப்பில் வெற்றிடம் உண்டாக்குவது நோக்கமன்று. வளி விட்ட இடத்தைத் திரவம் நிரப்ப வேண்டும்.

சொல் தடுப்புக்கு மட்டும் பொருந்தினாலும் போதாது. வெங்காயத் தோட்டத்துக்கு நீர் இறைக்கும் டீசல் இயந்திரம் எண்ணெய் தீர்ந்து நின்றால், மீண்டும் எண்ணெய் ஊற்றிய பின்னும், எரிபொருட் பாதையிலுள்ள திருகைத் தளர்த்தி, நுரை அடங்கித் தெளிந்த டீசல் வரும்வரை அதனை வழியவிட வேண்டியிருக்கும். இங்குள்ள கராச்சுகளில் இரண்டையுமே 'எயார் எடுக்கிறது' என்கிறார்கள். அப்பேச்சுவழக்கு இரண்டிலும் நடப்பது ஒன்றே என்பதைச் சரியாகக் கண்டிருக்கிறது.

ஆகவே நான் முன்வைப்பது வளிவடிப்பு. வழிந்தோடுவது திரவந்தானே, வளியை எவ்வாறு வடிப்பது என்று கேட்கலாம். கஞ்சியை வடித்தல் என்கிறோம். சோற்றை வடித்தல் என்றும் சொல்கிறோம். வெளியேறுவதும் எஞ்சுவதும் ஆகிய இரண்டுமே அவ்வினைக்குச் செயப்படுபொருளாகத் தமிழ் இடந்தருகிறது. எனவே வளியை வடித்தல் என்பதும், முன் தடுப்பை வடித்தல் என்பதும் ஒருங்கே நிற்கும். வடிசாலையை நினைவூட்டும் என்ற அச்சம், வளி என்ற முன்னொட்டு இருக்கும்வரை தேவையில்லை.

இதனோடு தொடர்புடைய இன்னொன்றையும் நாம் திருத்த வேண்டும். 'பிறேக் ஒயில்' என்ற வழக்கு ஆபத்தானது. தடுப்புக்கு ஊற்றும் திரவத்தின் டொட் 3, டொட் 4 (DOT 3, DOT 4) வகைகள் கிளைக்கோலை அடிப்படையாகக் கொண்டவை. பெயரை நம்பி இயந்திர எண்ணெயை ஊற்றினால் இறப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும். மேலும் இவை ஈரத்தை உறிஞ்சுபவை. டொட் 4 திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியசு இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கு நியமம் 155 பாகையையே கோருகிறது. ஆதலால் வடித்த திரவத்தை மீண்டும் மேற்கலத்தில் ஊற்றக் கூடாது. கையேடுகளில் 'தடுப்புத் திரவம்' என்றே எழுதுவோம்.

சொல் வாக்கியத்தில் இருந்துபார்த்தால்தான் அதன் பொருத்தம் தெரியும். இதனை வாசித்துப் பாருங்கள்: "வளிவடிப்பின்போது மேற்கலத்தின் திரவமட்டம் கீழ்க்கோட்டுக்குக் கீழே செல்லாதவாறு பார்த்துக்கொள்க. வளி வடித்த பின் பிடி உறுதியாக நிற்காவிடின், துளைத்திருகின் அருகே மீண்டும் ஒருமுறை வடிக்க. வண்ணப்பூச்சில் சிந்திய திரவத்தை உடனே நீரால் கழுவுக." எனக்கு இதில் இடறல் தெரியவில்லை. நிப்பிளை மட்டும் நிப்பிள் என்றே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. கடையில் கேட்டு வாங்க வேண்டிய பொருளுக்குக் கடைக்காரர் அறிந்த பெயரே போதும்.