கரையின் மீட்புப் படகு: ஆழ்ந்த வி அடியா, இரட்டை உடலா?

உவரிக் கரையாள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கமிட்டியும் வெளிநாட்டில் வேலை பார்க்கும் இளைஞர்களும் சேர்ந்து, கடலில் சிக்கியவர்களைத் தேடிப் போவதற்கென்றே வேகமான படகு ஒன்றை வாங்கத் தீர்மானித்திருக்கிறோம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கரைகளைத் தாக்கியபோது, சொந்தபந்தங்களின் செய்தி தெரியாமல் கரையில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நாள் எங்கள் மனத்தை விட்டு இன்னும் அகலவில்லை.

இரண்டு பழைய படகுகள் விலைக்கு வந்திருக்கின்றன. இரண்டும் 26 அடி நீளம். ஒவ்வொன்றிலும் 150 குதிரைத்திறன் கொண்ட நான்கு-ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும்) எஞ்சின்கள் இரண்டிரண்டு உள்ளன. முதலாவது, 24 பாகை சரிவுள்ள ஆழ்ந்த வி (ஆங்கில V) வடிவ அடியைக் கொண்டது. எரிபொருளும் இரண்டு ஆட்களும் ஏறிய நிலையில் 2,400 கிலோ எடை. இரண்டாவது, நடுவில் காற்றுவழி உள்ள இரட்டை உடல் படகு; அதே நிலையில் 2,100 கிலோ. முதல் படகு 40 நாட் (மணிக்கு 40 கடல் மைல்) ஓடும் என்றும், இரண்டாவது 47 நாட் ஓடும் என்றும் விற்பவர்கள் சொல்கிறார்கள். விலையில் பெரிய வேறுபாடு இல்லை. இந்த 7 நாட் வேறுபாடு நம் கடலில் உண்மையாகவே நமக்குக் கிடைக்குமா? திருப்பும்போதும் எதிரலையில் ஓட்டும்போதும் எது சொன்னபடி கேட்கும்? அனுபவமுள்ள அண்ணாச்சிமார்கள் விளக்கினால் நன்றியுடையவர்களாய் இருப்போம்.

இடிந்தகரை எஞ்சின் பட்டறை

வணக்கம் தம்பி. முதலில் வேகக் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதைத் தாளிலேயே ஓரளவு சரிபார்க்க முடியும். குரோச் சூத்திரம் என்று ஒன்று உண்டு. படகின் மொத்த எடையைப் பவுண்டில் எடுத்து, குதிரைத்திறனால் வகுத்து, வரும் எண்ணின் வர்க்கமூலத்தைக் கண்டு, அதைக் கொண்டு அடியின் வகைக்குரிய மாறிலியை வகுத்தால் மணிக்கு எத்தனை மைல் என்பது கிடைக்கும். வேகமான வி அடிக்கு மாறிலியை 190 என்றும், பந்தய வகை அடிக்கு 210 என்றும் வைப்பது வழக்கம். உங்கள் முதல் படகுக்கு இது ஏறத்தாழ 39 நாட் தருகிறது. இரண்டாவதற்கு 46 நாட்டுக்குச் சற்று மேல். ஆக, விற்பவர்கள் பெரிதாகக் கூட்டிச் சொல்லவில்லை.

ஆனால் அது இரண்டே ஆட்கள் இருக்கும்போது வரும் வேகம். மீட்கப்பட்ட எட்டுப் பேர், தண்ணீர், கயிறு, முதலுதவிப் பொருள்கள் என்று 600 கிலோ ஏறியதும் முதல் படகு 35 நாட்டுக்கு இறங்கும். இரட்டை உடல் படகின் நிலை இதைவிடச் சிக்கலானது. அதன் கூடுதல் வேகத்தில் பெரும்பங்கு, இரு உடல்களுக்கும் நடுவே புகும் காற்று படகைச் சற்றுத் தூக்கிப் பிடிப்பதால் வருகிறது. எடை ஏறிப் படகு தாழ்ந்தால் அந்தக் காற்றுவழியின் உயரம் குறைகிறது, தூக்கும் விசையும் குறைகிறது. அப்போது பந்தய மாறிலியை வைத்துக் கணக்கிடுவது பொருந்தாது. 190 என்று வைத்துப் பார்த்தால் 37 நாட்தான் வருகிறது. ஏழு நாட் வேறுபாடு, சுமையோடு கரை திரும்பும்போது இரண்டு நாட்டாகச் சுருங்கிவிடுகிறது.

இன்னொரு சோதனையும் உண்டு. புரொப்பெல்லரில் பொறித்திருக்கும் பிட்ச் எண்ணை, அதாவது ஒரு சுற்றுக்கு அது எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்பதை, கேட்டு வாங்குங்கள். பிட்ச் 19 அங்குலம், கியர் விகிதம் 2, எஞ்சின் நிமிடத்துக்கு 5,800 சுற்று என்றால், புரொப்பெல்லர் 2,900 சுற்றுச் சுற்றும். நீரில் நழுவி வீணாகும் பங்கு, அதாவது நழுவல், இல்லவே இல்லாவிட்டால் படகு ஏறக்குறைய 45 நாட் போக வேண்டும். அது 40 நாட் போகிறது என்றால் பன்னிரண்டு விழுக்காடு நழுவல், இயல்பான அளவு. அதே கணக்கில் 21 அங்குலப் பிட்ச் 50 நாட் தரும். அதில் 47 நாட் உண்மையாக வருகிறதென்றால் நழுவல் ஆறு விழுக்காடே. எடை குறைந்த இரட்டை உடல் படகுக்கு அது நடக்காத காரியமல்ல, ஆயினும் ஜிபிஎஸ் காட்டும் வேகத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். எரிபொருளையும் மறவாதீர்கள்: இரண்டு எஞ்சின்களையும் முழு விசையில் ஓட்டினால் மணிக்கு நூறு லிட்டரை ஒட்டிப் பெட்ரோல் செலவாகும்.

கூட்டப்புளி படகோட்டி

வளைகுடா நாடுகளில் பன்னிரண்டு ஆண்டுகள் இந்த இரு வகைப் படகுகளையும் ஓட்டியவன் என்ற முறையில் எழுதுகிறேன். பட்டறை அண்ணாச்சி தந்த கணக்கில் பிழையில்லை. ஆனால் மீட்புக்குப் போகிறவன் உச்ச வேகத்தைப் பார்ப்பதைவிட, கெட்ட கடலில் எந்த வேகத்தைத் தொடர்ந்து பிடிக்க முடியும் என்பதைப் பார்க்க வேண்டும். கரையிலிருந்து 15 கடல் மைல் தொலைவில் ஒரு வள்ளம் எஞ்சின் நின்று மிதக்கிறது என்று கொள்வோம். கடல் அமைதியாக இருந்தால் 40 நாட்டில் இருபத்திரண்டரை நிமிடத்திலும், 47 நாட்டில் பத்தொன்பது நிமிடத்திலும் போய்ச் சேரலாம். மிஞ்சுவது மூன்று நிமிடமும் சில விநாடிகளும். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வலுத்து எதிரலை எழுந்த நாளில் ஒரு படகு 26 நாட் பிடித்து ஓடுகிறது, மற்றொன்று அடி தாங்காமல் 18 நாட்டுக்கு இறங்குகிறது என்றால், பதினைந்து நிமிட வேறுபாடு வந்துவிடும். தண்ணீரில் கிடப்பவனுக்கு அந்தப் பதினைந்து நிமிடம் மிகப் பெரியது.

ஆழ்ந்த வி அடி அலையை வெட்டிக்கொண்டு இறங்கும். ரே ஹன்ட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் உருவாக்கிய அந்த அடியோடு, 1960ஆம் ஆண்டு மியாமியிலிருந்து நாசோவுக்கு நடந்த பந்தயத்தில் மோப்பி என்ற 31 அடிப் படகு மிகக் கொந்தளிப்பான கடலில் வென்றது. அதன் பிறகே விரைவுப் படகு கட்டுவோர் பலரும் இந்த வடிவத்துக்கு மாறினார்கள். தட்டையான அடி கொண்ட படகுகள் வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும் என்ற கடலிலும் இது வேகத்தைக் குறைக்காமல் ஓடியதே காரணம்.

இரட்டை உடல் படகைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். இரண்டு, மூன்று அடி அலை வரையில், காற்றுவழியில் அடைபடும் காற்று மெத்தை போல் தாங்குவதால், அதில் முதுகெலும்பு படும் பாடு வி அடியைவிடக் குறைவு என்பதை நானே உணர்ந்திருக்கிறேன். அலை இன்னும் உயர்ந்து காற்றுவழியின் கூரையைத் தொட்டதும் நிலைமை தலைகீழாகிறது; ஒவ்வொரு அடியும் சம்மட்டி போல் விழும், அணியத்தின் (படகின் முன்முனையின்) நடுவிலிருந்து நீர் பீறிட்டு முன்னே வந்து, எதிர்காற்றில் ஓட்டுபவன் முகத்திலேயே திரும்ப விழும். சுமை ஏறிய படகில் இது இன்னும் சீக்கிரமாகத் தொடங்குகிறது.

திருப்பத்தைப் பற்றிக் கேட்டீர்கள். வி அடிப் படகு சைக்கிளைப் போல உட்பக்கம் சாய்ந்து திரும்பும். உள்ளே இருப்பவர்கள் இருக்கையோடு அழுந்தி உட்கார்வார்கள். இரட்டை உடல் படகு தட்டையாகவே திரும்பும், சில நேரம் வெளிப்பக்கம் சாயும். பழக்கமில்லாதவன் அந்நேரம் பிடிமானமின்றி நின்றால் வெளியே எறியப்படுவான். பின்னலையில் இரண்டுக்கும் ஆபத்து உண்டு. வி அடியின் கூரிய அணியம் முன்னலையில் புதைந்தால், படகு தானாக ஒரு பக்கம் திரும்பிக் குறுக்கே விழப் பார்க்கும். எஞ்சினின் ட்ரிம்மை (எஞ்சின் சாய்ந்திருக்கும் கோணத்தை) சற்று வெளியே தள்ளி அணியத்தைத் தூக்கிக்கொள்ள வேண்டும். இரட்டை உடல் படகில் இரு அணியங்களும் ஒன்றாகப் புதையும், அப்போது படகு சட்டென்று நிற்கும். எதை வாங்கினாலும், ஓட்டுபவன் கில் ஸ்விட்ச் கயிற்றை (அவன் விழுந்தால் எஞ்சினை நிறுத்திவிடும் கயிற்றை) உடம்பில் மாட்டாமல் எஞ்சினை இயக்கக் கூடாது என்பதைக் கமிட்டியின் விதியாகவே எழுதி வையுங்கள்.

என் முடிவு ஆழ்ந்த வி அடிதான்.

கூத்தங்குழி மூத்தவர்

கூட்டப்புளித் தம்பி சொன்னதை மதிக்கிறேன், ஆனால் ஓடும் நேரத்தைப் பற்றி மட்டும் பேசியிருக்கிறார். ஆளைக் கண்டுபிடித்த பிறகு படகு நிற்க வேண்டும் அல்லவா? மீட்பில் கடினமான பகுதி அங்கேதான் இருக்கிறது. நனைந்து விறைத்துப்போன ஒருவனைத் தூக்க மூன்று பேர் ஒரே பக்கம் குனிந்தால், ஆழ்ந்த வி அடிப் படகு அந்தப் பக்கமே சாய்ந்து கொடுக்கும். நின்ற நிலையில் அது தொட்டில் போல ஆடும். அகன்று நிற்கும் இரட்டை உடல் படகு அவ்வளவு சாயாது. மரங்களைக் கட்டிக் கடலில் இறங்கிய நம் முன்னோர்களின் கட்டுமரம் என்ற சொல்தான் ஆங்கிலத்தில் இந்த இரட்டை உடல் படகுக்கே பெயராகிப் போனது என்பதை நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆயினும் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. இளமையில் இரண்டு முறை கவிழ்ந்த வள்ளத்திலிருந்து ஆட்களை ஏற்றியவன் என்பதால் சொல்கிறேன்.

கரையையும் எண்ணிப் பாருங்கள். உங்கள் படகு மணலில் ஏறி இறங்க வேண்டியது. டிராக்டரால் இழுக்கும்போது வி அடிப் படகு ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும். தகுந்த தொட்டில் வண்டி செய்யாவிட்டால் ஏராவின் (படகின் அடிநடுக் கட்டையின்) அடி நாள்பட்டுத் தேயும். இரட்டை உடல் படகு மணலில் நேராக உட்காரும்.

உவரிக் கரையாள்

பெரியவர் சொன்ன பிறகு மறுபடியும் குழப்பம் வந்துவிட்டது. நிற்கும்போது ஆடுவதை வி அடிப் படகில் ஏதாவது செய்து குறைக்க முடியுமா?

கூட்டப்புளி படகோட்டி

பெரியவர் சொன்னது முழுவதும் உண்மை. அதை நான் எழுதாமல் விட்டது என் குறை. ஆட்டத்தை ஒழிக்க முடியாது, சமாளிக்கலாம். பக்கவாட்டில் தூக்காமல், எஞ்சின்களை முழுவதும் நிறுத்திவிட்டு, அமரத்தின் (படகின் பின்புறத்தின்) ஓரமாக மடக்கு ஏணியையும் இழுவை வலையையும் வைத்து ஏற்றப் பழகுங்கள். ஆள் அருகில் இருக்கும்போது புரொப்பெல்லர் ஒரு சுற்றுக்கூடச் சுற்றக் கூடாது. ஒருவர் எப்போதும் எதிர்ப் பக்கத்தில் எடைக்காக உட்கார வேண்டும். கரைக்கு, பலூன் டயர் போட்ட தொட்டில் வண்டி ஒன்றைச் செய்துகொள்வதற்கான செலவையும் படகின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

தாளில் இதற்கு மேல் தீர்க்க முடியாது. இரண்டு படகுகளையும் ஒரே நாளில், ஒரே அளவு எரிபொருளோடு, எட்டு ஆட்களின் எடைக்கு மணல் மூட்டை ஏற்றி ஓட்டிப் பாருங்கள். ஒரே தடத்தில் போகவும் வரவும் ஓட்டி ஜிபிஎஸ் வேகத்தின் சராசரியை எடுங்கள். ஒரு திசையில் மட்டும் ஓட்டினால் நீவாடு (கடல் நீரோட்டம்) உங்களை ஏமாற்றும். அமைதியான காலை நேரத்தில் விற்பவர் காட்டும் ஓட்டத்தோடு நிறைவடையாமல், பிற்பகல் காற்று எழுந்த பிறகு எதிரலை, பக்க அலை, பின்னலை மூன்றிலும் ஓட்டச் சொல்லுங்கள். பிறகு நடுக்கடலில் நிறுத்தி, உயிர்காப்பு உடை அணிந்த ஒருவரைத் தண்ணீரில் இறக்கி மீண்டும் ஏற்றுவதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று இரண்டிலும் பாருங்கள்.

இடிந்தகரை எஞ்சின் பட்டறை

அந்த ஓட்டத்தின்போது எஞ்சின் முழு விசையில், சுமையோடு, தன் வரம்புச் சுற்றை எட்டுகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எட்டாவிட்டால் சிறிய பிட்ச் புரொப்பெல்லர் ஒரு ஜோடி தேவைப்படும். மீட்புப் படகுக்கு உச்ச வேகத்தில் இரண்டு நாட் குறைந்தாலும் சுமையோடு விரைவாக நீரின் மேலெழுந்து வழுக்கி ஓடத் தொடங்குவதே நல்லது. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: புயலுக்குள் போவதற்கு இந்த இரண்டு படகுகளுமே போதாது. யாரேனும் சிக்கினார்கள் என்று தெரிந்த அக்கணமே கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை அழைத்துவிட்டுத்தான் படகை இறக்க வேண்டும்.

உவரிக் கரையாள்

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. கமிட்டியில் பேசினேன். முன்பணம் கொடுப்பதை நிறுத்தி வைத்திருக்கிறோம். ஆடிக் காற்று நாளொன்றில் இரண்டு படகுகளையும் சுமையேற்றி ஓட்டிக் காட்ட விற்பவர்கள் இசைந்தால் மட்டுமே மேற்கொண்டு பேசுவது என்று முடிவாகியிருக்கிறது. வி அடிப் படகின் உரிமையாளர் சம்மதித்துவிட்டார். மற்றவரின் பதிலுக்குக் காத்திருக்கிறோம். ஓட்டிப் பார்க்கும் நாளில் கூட்டப்புளி அண்ணாச்சி சுக்கான் பிடிக்கவும், கூத்தங்குழிப் பெரியவர் ஆள் ஏற்றுவதைப் பார்த்துச் சொல்லவும் எங்கள் கரைக்கு வர வேண்டுமென்று கமிட்டியின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.