அங்க இல்லாதவங்களுக்கு எப்படி ஞாபகம் இருக்கு?

கடற்கரைத்தெரு:
நாகைக்காரங்களுக்கு விளக்க வேண்டியதில்ல, 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில எங்க அக்கா அந்தக் கதையைச் சொல்லிக்கிட்டிருந்துச்சு. மொட்டை மாடியில நின்னது, தண்ணி தெருவுல ஏறுனது, அம்மா இட்லிப் பானையை அடுப்புலயே விட்டுட்டு ஓடியாந்தது. சொல்லும்போதே இலையில வச்ச கை நின்னுபோச்சு, கண்ணு கலங்கிருச்சு. ஆனா அக்கா அன்னைக்கு ஊர்லயே இல்ல, திருச்சியில சித்தி வீட்ல! பொய் சொல்ற முகமும் இல்ல அது. மண்டையைக் குடையுது.

மீன்குழம்பு77:
நான் அன்னைக்கு வேளாங்கண்ணியில. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு, கூட்டம் தெரியும்ல. யாரோ ஒருத்தர் என் காலரைப் பிடிச்சு மேல இழுத்தாரு. அவர் மணிக்கட்டுல இருந்த கறுப்புக் கயிறு, அதுல ஒட்டியிருந்த மணல் வரைக்கும் இப்பவும் தெரியுது. முகம்? சுத்தமா இல்ல. உயிரைக் காப்பாத்துனவர் முகம்கூடவா மறக்கும்?

பழையபேப்பர்:
மீன்குழம்பு, மறக்கல, அது சரியாப் பதியவே இல்ல. பயத்துல அமிக்டலா, அதான் மூளையில பயத்தைக் கவனிக்கிற பகுதி, சூடாகும்போது கண்ணு எதுல நிக்குதோ அது அழுத்தமாப் பதியும், சுத்தி இருக்கிறது மங்கிரும். துப்பாக்கியில மிரட்டப்பட்டவங்க துப்பாக்கியை நல்லா வர்ணிப்பாங்க, ஆள் அடையாளம் கேட்டா திணறுவாங்க.
கடற்கரைத்தெரு, 1986-ல சேலஞ்சர் விண்கலம் வெடிச்ச மறுநாள் காலையில உல்ரிக் நைசர்ங்கிற உளவியலாளர் அமெரிக்காவுல கல்லூரிப் பசங்ககிட்ட, சேதியை எங்க இருந்தப்ப, யார் சொல்லிக் கேட்டீங்கன்னு எழுதி வாங்குனார். ரெண்டரை வருஷம் கழிச்சு அதே கேள்வி. 44 பேர்ல 11 பேர் சொன்னது, முன்னாடி எழுதுனதோட ஒண்ணுகூட ஒத்துப்போகல. ஆனா அடிச்சுச் சொன்னாங்க.

மாடித்தோட்டம்:
பேப்பர் சார், அது டிவியில பார்த்தவங்க, காதால கேட்டவங்க கதை. தண்ணியில நின்னவங்களை அதோட சேர்க்காதீங்க. எனக்கு கொரோனா வார்டுன்னா பினாயில் வாடை மட்டும்தான், இன்னைக்கும் குமட்டும். அது பொய்யா?
கடற்கரைத்தெரு, ஒண்ணு பண்ணுங்க. வீட்ல ஒவ்வொருத்தரையும் தனித்தனியா உட்கார வச்சு செல்போன்ல பதிவு பண்ணுங்க. சேர்த்து உட்கார வச்சா ஒருத்தர் சொன்னது இன்னொருத்தர் ஞாபகத்துல ஏறிக்கும். “அம்மா அழுதாங்கல்ல?”ன்னு எடுத்துக் கொடுக்காதீங்க, “அப்புறம்?”னு மட்டும் கேளுங்க. அக்காகிட்ட மட்டும் கேக்கவே கேக்காதீங்க, சண்டை வரும். ராத்திரி நல்லாத் தூங்குங்க, தூக்கத்துலதான் ஞாபகம் கெட்டிப்படும். வல்லாரைத் துவையலும் சேர்த்துக்கலாம்.

கடற்கரைத்தெரு:
துவையலுக்கு நன்றி, யோசனை கேக்கலீங்க. அம்மாகிட்டப் பேசுனேன். அதுக்கப்புறம் ஒரு வருஷம் பூரா அக்காகிட்டதான் சொல்லிச் சொல்லி அழுதாங்களாம். அது சரி, அம்மா கையைப் பிடிச்சு மாடிக்கு இழுத்துட்டுப் போனது நான். அக்கா கதையில என்னையவே காணோம். பொங்கலுக்கு வரட்டும், கேக்குறேன்.