எண்ணும் அழகும் விலகிய பிறகு பளுப்பயிற்சிக்கு என்ன பொருள்?

கேள்வி: மண்டபத்தான்

எனக்கு 47 வயது. இருபதுகளின் தொடக்கத்திலிருந்து பளுப்பயிற்சி செய்து வருகிறேன். போட்டிகளுக்குச் சென்றவன் அல்லன். இளமையில் காரணம் எளிது: தோள் அகலமாக வேண்டும், நான்கு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்த ஆசை தணிந்தபின், தரையில் கிடக்கும் பளுவை நிமிர்ந்து நிற்கும்வரை தூக்கும் டெட்லிஃப்டில் 150 கிலோவைத் தொட வேண்டும் என்று சில ஆண்டுகள் ஓடின, அதையும் தொட்டாயிற்று. இப்போது எண் ஏறுவதில்லை, சில மாதங்களில் இறங்கவும் செய்கிறது. விசைப்படகில் தொழிலுக்குப் போகும் என் மைத்துனர், "காசு கொடுத்து இரும்பைத் தூக்கி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருகிறீர்களே மச்சான், வலை இழுத்தால் மீனாவது மிஞ்சும்" என்கிறார். உடல்நலம் என்ற பதில் எனக்குத் தெரியும். அதற்கு அப்பால், வாழ்நாள் முழுதும் இதைத் தொடர்பவர்கள் என்ன கண்டீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

பதில்: கரைவலை மகன்

தம்பி, உங்கள் மைத்துனரின் கேலியில் நியாயம் உண்டு, பாதி நியாயம். என் தந்தை பாம்பனில் கரைவலை இழுத்தவர். கயிற்றை இடுப்புப் பட்டையில் மாட்டி, பின்னால் சாய்ந்து, குதிகால் மணலில் புதைய இழுக்கும் அந்த வேலையில் பளு எவ்வளவு என்பதை நீரோட்டமும் வலையின் மடியில் விழுந்த மீனும் முடிவு செய்யுமே தவிர, இழுப்பவரின் முதுகு முடிவு செய்யாது. நேற்று இடுப்புப் பிடித்துக்கொண்டது என்பதற்காக இன்று வலை இலேசாகிவிடாது. ஐம்பது வயதில் அவரிடம் வலுவும் இருந்தது, நிமிர முடியாத இடுப்பும் இருந்தது. ஜிம்மில் நான் இரண்டரைக் கிலோ கூட்டலாம், குறைக்கலாம், உடல் மறுத்தால் விட்டுவிட்டு நாளை வரலாம். என் தந்தைக்குக் கிடைக்காத உரிமை அது.

நம் மாவட்டத்து ஊர்களில் இளவட்டக்கல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பொங்கலுக்கு இளைஞர்கள் தூக்கிப் பார்ப்பார்கள். தூக்கியவனுக்குத்தான் பெண் கொடுப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. (இப்போது சம்பளம் என்ன என்றுதான் கேட்கிறார்கள்.) அந்தக் கல்லுக்கு எடை ஒன்றுதான். தூக்கினால் இளவட்டம், இல்லையென்றால் இல்லை. கிழவனுக்கு அதனிடம் வேலையே கிடையாது. இரு முனையிலும் எடைத்தட்டுகளை மாட்டும் கம்பியான பார்பெல் அப்படியன்று. ஏறும்போது கூடவே வந்ததைப் போல, இறங்கும்போதும் அது கூட வருகிறது. 63 வயதில் 60 கிலோவைப் பிசகில்லாமல் தூக்க எனக்குத் தேவைப்படும் கவனம், நாற்பதில் 120 கிலோவுக்குத் தேவைப்பட்டதைவிடக் குறைவில்லை. முதுமையைக் கிலோ கிலோவாக, என் கையாலேயே அளந்து ஏற்றுக்கொள்ள வேறெந்தப் பழக்கமும் எனக்கு வழி தந்ததில்லை.

பதில்: கீழக்கரை ஆசிரியை

கரைவலை அண்ணன் சொல்வது இளமையிலேயே தொடங்கக் கொடுத்துவைத்தவர்களின் தத்துவம். நான் பணி ஓய்வை நெருங்கும்போதுதான் தொடங்கினேன். மாதவிடாய் நின்றபின் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும் என்று மருத்துவர் எச்சரித்ததே காரணம். "லாத்தாவுக்கு இந்த வயதில் என்ன பயில்வான் ஆசை" என்று தெருவில் பேசினார்கள். 1990இல் வெளியான பாஸ்டன் ஆய்வொன்றில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு 8 வாரம் கால்களுக்குக் கடுமையான பளுப்பயிற்சி தந்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக இரு மடங்குக்கும் மேல் கூடியது. ஆகவே, இறங்குமுகத்தைப் பற்றி நான் கவலைப்படவில்லை. எனக்கு இப்போதுதான் ஏறுமுகம்.

என் அளவுகோலும் கிலோ அன்று. தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்துவிட்டு, கையூன்றாமல் எழுந்து நிற்க வேண்டும். நாற்காலி கேட்கும் நாளை முடிந்தவரை தள்ளிப்போட வேண்டும். டம்பெல் என்ற கைப்பளுவைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்து எழும் ஸ்குவாட் செய்வது அதற்காகத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைகளை வலுப்படுத்தச் சொல்கிறது. அதற்குமேல் நான் ஆசைப்படுவதில்லை.

மண்டபத்துத் தம்பிக்கு ஒன்று: 47 வயதில் எண் இறங்குகிறது என்றால் உடனே வயதைக் குற்றம் சொல்லாதீர்கள். உறக்கத்தையும் தட்டிலுள்ள மீன், முட்டை, பருப்பின் அளவையும் பார்த்துவிட்டுப் பொருளைத் தேடுங்கள்.

மண்டபத்தான்

நன்றி லாத்தா, உறக்கம் குறைவுதான், மறுக்க முடியாது. அண்ணனிடம் ஒரு கேள்வி. எடையைக் குறைத்து மாட்டும்போது தோற்றுவிட்டோம் என்று தோன்றுவதை எப்படிக் கடந்தீர்கள்?

கரைவலை மகன்

முழுதாகக் கடந்தேன் என்று சொல்ல மாட்டேன். ஐம்பது ஆனபோது பழைய பயிற்சி நோட்டை மூடிவிட்டுப் புதிய நோட்டு வாங்கி, அன்று தூக்கிய எடையையே சாதனை என்று முதல் பக்கத்தில் எழுதினேன். மூத்தோர் பளுதூக்கும் போட்டிகளிலும் ஐந்தைந்து ஆண்டாக வயதுப் பிரிவு வைத்துத்தான் சாதனைகளைக் கணக்கிடுகிறார்கள். அதே முறையில் 55இலும் 60இலும் நோட்டை மாற்றினேன். உங்களுக்கு ஐம்பதுக்கு இன்னும் மூன்று ஆண்டு இருக்கிறது. ஆசிரியை சொன்ன உறக்கத்தைச் சரிசெய்தால், பழைய நோட்டிலேயே எழுத இன்னும் சில வரிகள் இருக்கலாம்.