புதுப்பிப்பு: காலிங்கராயன் வாய்க்கால் கரையில் சைக்கிள்

பவானியிலிருந்து கொடுமுடிப் பக்கம் போக லாரி, பஸ் தொந்தரவு இல்லாத வழி இருக்கான்னு முன்னாடி கேட்டிருந்தேனுங்க. வாய்க்கால் கரையைப் பிடிங்கன்னு நிறைய பேர் சொன்னீங்க. போய்ட்டு வந்தாச்சு, ரொம்ப நன்றிங்க!

13ஆம் நூற்றாண்டில் கொங்கு நாட்டுத் தலைவர் காலிங்கராயன் வெட்டின வாய்க்கால், நீளம் சுமார் 90 கி.மீ. நேரா ஓடுறதே இல்லை, வளைஞ்சு வளைஞ்சுதான் போகுது. மேட்டைச் சுத்திக்கிட்டு மெதுவா இறங்குறதால ஏத்தமே தெரியலை. ஈரோடு டவுனை மட்டும் சீக்கிரம் தாண்டிடுங்க. அப்புறம் ஒரு பக்கம் தண்ணி, மறுபக்கம் மஞ்சக்காடும் வாழையும். எதிர்ல வந்தது எருமைங்களும், புல்லுக்கட்டு ஏத்தின ஒரு டிவிஎஸ் எக்செல்லும்தான்.

டயர் பத்திக் கேட்டவங்களுக்கு: 40 மி.மீ. அகல டயர் போட்டு, காத்தைக் கொஞ்சம் கம்மியா வச்சேன். சரளையில நல்லாப் பிடிக்குது. பயப்பட வேண்டியது சீமைக்கருவேல முள்ளுக்குத்தான். வெட்டிப்போட்ட கிளை காஞ்சு புழுதியில புதைஞ்சு கிடக்கும், கண்ணுக்கே தெரியாது. டியூப்லெஸ் டயரா இருந்தா சீலண்ட் (ஓட்டையைத் தானா அடைக்கிற திரவம்) ஊத்திக்கிட்டுப் போங்க. மழை பேஞ்ச மறுநாள் வேண்டவே வேண்டாம். களிமண் அப்பிக்கிட்டு சக்கரத்தைச் சுத்தவே விடாது.

அடுத்தது பவானிசாகர்ல இருந்து கீழ்பவானி வாய்க்கால் கரை. அந்தப் பக்கத்து ஆளுங்க யாராச்சும் கூட வர்றீங்களா?