ஜப்பான் சாலட் செய்த அன்று வீட்டில் நடந்தது என்ன? உங்கள் அனுபவங்கள்

வேளச்சேரி மருமகள்:
சுனோமோனோ என்ற ஜப்பானிய வெள்ளரி சாலட் செய்தவர்கள் இருந்தால் என் சந்தேகத்தைத் தீர்த்துவையுங்கள். கணவரின் மேலதிகாரி ஜப்பானியர், ஒரகடத்தில் வேலை. இரவுச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். வெள்ளரிப் பிஞ்சை மெல்லிய வில்லைகளாகச் சீவி, உப்புப் பிசறிப் பிழிந்து, வினிகர், சர்க்கரை, கொஞ்சம் சோயா சாஸ் கலந்து, வறுத்த எள் தூவி வைத்திருந்தேன். கடற்பாசிதான் இல்லை. வாசல் மணி அடித்தது, கதவைத் திறக்கப் போனேன். பின்னால் 'சுர்ர்' என்று ஒரு சத்தம். மாமியார் கடுகும் பெருங்காயமும் தாளித்து அதன் தலையில் கொட்டிவிட்டார்! "பச்சையாக வைத்தால் வந்தவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்?" என்றார். மறுபடி செய்ய வெள்ளரி இல்லை. வந்தவர் அதைத்தான் முதலில் எடுத்தார். இன்னொரு முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார். பிடித்துத்தான் சாப்பிட்டாரா, மரியாதைக்கா? "ஓய்ஷி", அதாவது ருசியாக இருக்கிறது என்றார். ஆனால் தொழிற்சாலை கேன்டீன் உப்புமாவுக்கும் அவர் அதையேதான் சொல்வாராம்.

பெரம்பூர் ஓய்வூதியர்:
தாளித்தது எந்த எண்ணெயில் என்று சொல்லவில்லையே, அம்மா. ஜப்பானியர் சாலட்டில் விடுவது வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெய். நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளைக் கருப்பட்டியோடு செக்கில் ஆட்டியது. இரண்டும் ஒன்றுதான் என்று என் மகள் சாதித்தாள். முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கி, சோயா சாஸும் நல்லெண்ணெயும் விட்டு, எள்ளைப் பொடித்துத் தூவிக் கொண்டுவந்தாள். மருமகன் ஒரு வாய் மென்றார். ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றினார்.

மந்தைவெளி வாசகி:
பெரம்பூர் ஐயா, அங்கும் வறுக்காத எள் எண்ணெய் உண்டு. தைஹாகு என்பார்கள். ஆகவே உங்கள் மகளை முழுக்கக் குறை சொல்ல வேண்டாம்.

எங்கள் வீட்டில் நடந்தது வேறு. ஒசாகாவிலிருந்து வந்த சித்தப்பா மகன் சாலட்டில் ஊற்றும் குழம்பு ஒரு பாட்டில் கொடுத்தான். கேரட், முள்ளங்கி, கீரை எல்லாம் போட்டுக் கலக்கினோம். பாட்டி கிண்ணத்தை முகத்தருகே கொண்டுபோய், "எதிர்வீட்டில் கருவாடு வறுக்கிறார்களா?" என்று கேட்டார். ஜன்னலைச் சாத்தினேன். வாசனை போகவில்லை. அப்புறம்தான் பாட்டிலின் எழுத்துகளுக்கு நேரே கைப்பேசியைப் பிடித்தேன். கட்சுவோபுஷி! சூரை மீனைப் புகைபோட்டு உலர்த்திச் சீவியது. இங்கே கடையில் வாங்கினால் பச்சைப் புள்ளியைப் பார்க்கலாம். பெட்டிக்குள் வந்த பாட்டிலுக்கு அது ஏது? பாட்டி இன்னும் வாயில் வைக்கவில்லை, தப்பித்தோம். ஆனால் இப்போதெல்லாம் நான் எதைக் கொடுத்தாலும் முகர்ந்துவிட்டுத்தான் சாப்பிடுகிறார், தயிர்சாதம் உட்பட.

அண்ணாநகர் மேற்கு:
மைத்துனர் ஒருமுறை டப்பாவில் கொண்டுவந்தார். திறந்தால் பாதி தண்ணீர். என் அனுபவம் இவ்வளவுதான். ஆனால் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். 200 கிராம் வெள்ளரிக்கு அரை டீஸ்பூன் உப்பு, 10 நிமிடம் ஊறட்டும். உப்பு காயின் நீரை வெளியே இழுத்துவிடும். பிறகு இரண்டு கைகளாலும் இறுகப் பிழியுங்கள், பாவம் பார்க்காதீர்கள். பிழியாத காயில் சாஸ் ஏறாது. அரிசி வினிகர் மென்மையானது. நம் மளிகைக்கடை வினிகர் தொண்டையைப் பிடிக்கும், எனவே தண்ணீர் சேர்த்து அளவைக் குறையுங்கள், அல்லது எலுமிச்சை பிழியுங்கள். அவர்களுடைய பொன்சு என்ற சாஸிலும் புளிப்புப் பழச்சாறுதான். அவர்கள் இனிப்புக்குச் சேர்க்கும் மிரினில் மது உண்டு; வேண்டாதவர்களுக்குச் சர்க்கரையே போதும். ஃப்ரைட் ரைஸுக்கு ஊற்றும் கறுத்த சோயா சாஸை விட்டால் காயின் நிறமே போய்விடும். வெள்ளை முள்ளங்கியும் கேரட்டும் தீக்குச்சி கனத்தில் நறுக்கி இதேபோல் செய்தால் நமாசு. அதை அவர்கள் புத்தாண்டுக்குச் செய்வார்கள். நம் முள்ளங்கி காரம் கூடுதல், பிழிந்தால் அடங்கும். வெள்ளரி சாலட்டைப் பரிமாறும்போதுதான் கலக்க வேண்டும். சென்னை வெக்கையில் முன்கூட்டியே கலந்து மேசையில் வைப்பவர்களை என்னவென்று சொல்வது!

வேளச்சேரி மருமகள்:
பிழியத் தெரியும், சார். நான் கேட்டது வேறு. பெரம்பூர் ஐயா, கடலை எண்ணெய். அடுத்த மாதம் அவருடைய மனைவியும் வருகிறாராம். இந்த முறை கறிவேப்பிலையும் போடலாமா என்று மாமியார் இப்போதே கேட்கிறார்.