சீமைக் கருவேலம்: உங்கள் மனதில் இன்னும் முள்ளாக நிற்பது எது?

கண்மாய்க்கரையான்

மரத்தைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2017 மாசி. சீமைக் கருவேலத்தை அகற்றும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருந்த சமயம். சென்னையில் வேலை பார்க்கும் ஒன்பது பேர் பணம் போட்டு, முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய்க்கு ஜேசிபி கொண்டுவந்தோம். ஒவ்வொரு மரம் சாயும்போதும் விசில், கைதட்டல், படம்.

மதியம் கரைமேல் ஓர் அப்பத்தா வந்து உட்கார்ந்தார். மடியில் சாக்குத் துணி சுற்றிய அரிவாள். தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினேன், வாங்கவில்லை. "இதையும் பிடுங்கிவிட்டால் நான் எதை வெட்டுவது?" என்றார். "கண்மாய் பெருகும் அப்பத்தா, வயல் விளையும்" என்றேன். "யார் வயல்?" என்றார்.

அவருக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் அந்தப் பதிலைச் சொன்னேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

சாயல்குடிப் பையன்

என் கதை குதிகாலில் இருக்கிறது. ஏழாம் வகுப்புப் படிக்கும்போது ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறிய முள் உள்ளேயே முறிந்துவிட்டது. அம்மா ஊக்கால் நோண்டிப் பார்த்தார், எருக்கம்பால் வைத்தார், ஒன்றும் நடக்கவில்லை. மூன்று மாதம் கழித்துச் சீழோடு தானாகவே வெளியே வந்தது. அந்த முள்ளைத் தீப்பெட்டியில் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார் அம்மா. அவ்வளவுதான்.

கரிசல்காட்டான்

இந்த மரத்துக்குப் போய் இரக்கப்படுகிறீர்களே! விருதுநகர் மாவட்டத்தில் எங்கள் தாத்தா வெட்டிய கிணறு. தூர் வாரலாம் என்று கயிற்றைப் பிடித்து நானே இறங்கினேன். நாற்பது அடிக்குக் கீழே, கல் இடுக்குகளிலிருந்து வேர்கள் விரித்துப்போட்ட தலைமயிரைப் போலத் தொங்கின. தொட்டேன், ஈரமாக இருந்தது. கிணற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை, வேரில் மட்டும் ஈரம்! அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

காமராசர் காலத்தில் வெளிநாட்டுக்காரன் ஏமாற்றித் தலையில் கட்டிய விதை இது. காற்றிலிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். நிழலில் கட்டிய மாடு சினை பிடிக்காது. ஒரு குருவிகூட இதில் கூடு கட்டாது. அந்த அப்பத்தாவுக்கு அரசாங்கம் ஏதாவது செய்யட்டும், மரம் போயே ஆக வேண்டும்.

நாரை அக்கா

கரிசல்காட்டான் தம்பி, உங்கள் கிணற்றை நம்புகிறேன். அரிசோனாவில் ஒரு சுரங்கத்தில் இந்த இனத்து மரத்தின் வேரை 53 மீட்டர் ஆழத்தில் கண்டிருக்கிறார்கள், நாற்பது அடி அதற்கு ஒரு பொருட்டல்ல. மற்றதெல்லாம் வாட்ஸாப்பில் வந்த சரக்கு. காமராசர் பிறப்பதற்கு முன்பே இது வந்துவிட்டது. சென்னை மாகாணத்து வன அதிகாரி பெட்டோம் 1876இல் விதை கேட்டு எழுதினார், அடுத்த ஆண்டு கடப்பைப் பக்கம் விதைத்தார்கள். விறகுப் பஞ்சம்தான் காரணம். பிறகு நாமும் வேலிக்கென்று நம் கையாலேயே ஊன்றினோம். "வேலிகாத்தான்" என்ற பெயர் வேறு எப்படி வந்தது?

கூடு கட்டாதாம்! சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாயில் வக்காவும் நீர்க்காகமும் இந்த மரத்தில்தான் கூடு வைத்திருந்தன. 2017இல் அங்கேயும் இயந்திரம் வந்தது. ஓட்டுநரிடம் கெஞ்சினேன். அவர் நல்ல மனிதர், பீடியைக் கீழே போட்டுவிட்டு இறங்கி வந்து அண்ணாந்து பார்த்தார். "நான் மணிக்கணக்குக் கூலிக்கு வந்தவன் அம்மா" என்றார். திரும்ப ஏறுவதற்கு முன்னால் இரண்டு முறை ஹாரன் அடித்தார். பெரிய பறவைகள் எழுந்தன. குஞ்சுகளுக்கு ஹாரன் என்ன செய்யும்? அந்த இரண்டு ஹாரன் சத்தத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அதே ஆண்டில், மரத்தை அகற்றச் சொன்ன அந்த உத்தரவுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை விதித்தார்கள். எங்கள் கண்மாய்க்கு அது தாமதமாகிவிட்டது.

கரிசல்காட்டான்

அக்கா, வக்கா கூடு கட்டினால் கிணறு ஊறுமா? இதற்குப் பதில் சொல்லுங்கள்.

கட்ச் தமிழன்

குஜராத்தில், கட்ச் மாவட்டத்துப் புஜ்ஜில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். அங்கே பன்னி என்று ஒரு புல்வெளி, எருமை வளர்ப்பவர்களின் ஊர். உப்பு நிலம் பரவாமல் தடுக்க 1961இல் வனத்துறை இதே மரத்தை அங்கே கொண்டுபோய் நட்டது. உப்பு நின்றதோ இல்லையோ, மரம் பரவுவது நிற்கவில்லை. "காண்டோ பாவள்" என்கிறார்கள், பைத்தியக் கருவேலம் என்று பொருள். நம்மைவிட நன்றாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்!

மால்தாரி என்கிற மேய்ப்பர் சமூகத்துப் பெரியவர் ஒருவர் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். "என் அப்பா இந்தத் திண்ணையில் உட்கார்ந்தபடியே தன் எருமைகளை எண்ணுவார்" என்றார் பெரியவர். நான் திரும்பிப் பார்த்தேன். இருபது அடிக்கு அப்பால் பச்சைச் சுவர்தான் தெரிந்தது. உள்ளே எங்கேயோ மணிச் சத்தம் கேட்டது, எருமை கண்ணில் படவில்லை. மணியை வைத்தே ஒவ்வொன்றின் பெயரையும் எனக்குச் சொன்னார். ஏழு பெயர் சொல்லி நிறுத்தினார். எட்டாவது மணிக்காகக் காத்திருந்தார். நான் கிளம்பும் வரை அது கேட்கவில்லை.

வேதாரண்யம் கண்ணன்

கோடியக்கரையில் வெளிமான் புழுக்கையைக் கிளறிப் பார்த்தேன், உள்ளே இந்த விதை. காய் தித்திப்பு, மான் விடுமா? எந்தப் புல்வெளிக்காக மானுக்குச் சரணாலயம் வைத்தோமோ அந்தப் புல்வெளியில் மானே முள்ளை விதைத்துக்கொண்டு போகிறது. காவலரிடம் காட்டினேன். சிரித்தார்.

பழைய டிராக்டர்

என் டிராக்டர் டயரை இரண்டு முறை பஞ்சராக்கியது இந்த மரம். என் அனுபவம் அவ்வளவே. ஆனால் இங்கே யாரும் ஒழுங்காக ஒழிக்கத் தெரிந்து பேசுவதாகத் தெரியவில்லை, அதனால் சொல்கிறேன்.

வெட்டுவது வேறு, ஒழிப்பது வேறு. தரை மட்டத்தில் வெட்டினால் ஒரு தண்டு போய் ஏழு தண்டு வரும். தூரில், வேர் தொடங்கும் இடத்தில்தான் உயிர் இருக்கிறது. சுற்றிலும் ஓர் அடி ஆழம் தோண்டி, அந்த முண்டைப் பெயர்த்து வெளியே எடுத்துப் போட வேண்டும். காய் பழுப்பதற்கு முன்னால் செய்யுங்கள். பழுத்த பிறகு ஆட்டை உள்ளே விட்டால், ஆடு தின்று, விதையின் ஓட்டை வயிற்றில் பதமாக்கி, எருவோடு சேர்த்து அடுத்தவன் காட்டில் விதைத்துவிடும். உழவன்கூட அவ்வளவு நேர்த்தியாக விதைக்க மாட்டான். அடுத்த இரண்டு மழைக்கும் கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். விரல் நீளத்தில் இருக்கும்போது எளிதாக வரும், முழ நீளம் வளர்ந்துவிட்டால் மண்வெட்டி வேண்டும். காலியான இடத்தை அப்படியே விடாதீர்கள். கரையில் பனை, புறம்போக்கில் புங்கம், வேம்பு. முக்கியமாக, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயைக் கவனியுங்கள். கண்மாயில் தண்ணீர் நிறைந்து மாதக்கணக்கில் நின்றால் முளைத்த கன்று அழுகிப்போகும். குடிமராமத்து நடந்த காலத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வருவார்கள். இப்போது வரத்துக்கால் நடுவில் வீடு கட்டிவிட்டு மரத்தைத் திட்டுகிறோம். நீர் வராத கண்மாயில் இது முளைக்காமல் தாமரையா முளைக்கும்?

இன்னொன்று, தூரில் டீசல் ஊற்றாதீர்கள். டீசல் விலை தெரியுமல்லவா?

சாயல்குடிப் பையன்

ஐயா, டயர் கதை ஒரு வரி, பாடம் ஒரு பக்கம்.

கரிமூட்டம்

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதத்தான் கை வரவில்லை. கமுதிப் பக்கம்தான் நாங்களும். அப்பா மூட்டம் போடுகிறவர். கட்டையை வட்டமாக அடுக்கி, செத்தை பரப்பி, மேலே ஈர மண் பூசி, அடியில் தீ வைப்பார். பிறகு ஒரு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை. உள்ளே கட்டை எரியக் கூடாது, வேக வேண்டும். மண்ணில் ஒரு விரிசல் விட்டால் காற்று புகுந்து மொத்தமும் சாம்பல்தான்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு முந்தின இரவு. மூட்டத்தின் பக்கத்தில் அரிக்கேன் விளக்கோடு வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். உச்சியில் ஓர் இடம் சிவந்தது. அப்பா மண்சட்டியோடு மேலே ஏறினார். வலது கால் முழங்கால் வரை உள்ளே இறங்கியது. சத்தமே போடவில்லை. காலை உருவிக்கொண்டு, கையிலிருந்த மண்ணை அந்த ஓட்டையில் அப்பிவிட்டுத்தான் இறங்கினார். முதலில் ஓட்டை, பிறகு கால். நான் புத்தகத்தை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கரி விற்ற காசில்தான் கல்லூரியில் சேர்ந்தேன்.

படித்தது சுற்றுச்சூழல் அறிவியல். முதல் வருடமே அயல் தாவரங்களைப் பற்றிய பாடத்தில் இந்த மரத்தின் படத்தைக் காட்டினார்கள். ஒழிக்க வேண்டும் என்று நானும் தேர்வில் எழுதினேன், நல்ல மதிப்பெண் வந்தது. அப்பாவிடம் சொல்லவில்லை.

கரிசல்காட்டான் அண்ணே, உங்கள் கிணற்றின் மேல் எனக்குக் கோபமில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன்: வேரைப் பிடுங்கியிருப்பீர்களே, பிறகு கிணறு ஊறியதா?

கரிசல்காட்டான்

இல்லை தம்பி. பக்கத்துத் தோட்டத்தில் 800 அடிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டிருக்கிறார்கள். எங்களுடையதும் இருக்கிறது, 650 அடி.

நாரை அக்கா

கண்மாய்க்கரையான், அந்த அப்பத்தா என்ன ஆனார் என்று சொல்லவே இல்லையே?

கண்மாய்க்கரையான்

போன பொங்கலுக்குப் பார்த்தேன் அக்கா. நூறு நாள் வேலையில் இருக்கிறார். வரத்துக்காலில் கருவேலங்கன்று வெட்டுகிற வேலை. நாங்கள் முண்டைத் தோண்டாமல் விட்ட இடமெல்லாம் ஆள் உயரத்துக்கு எழும்பிவிட்டது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். "இந்த வருடமும் மிஷின் கொண்டுவருகிறாயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வெட்டிய சுள்ளிகளைக் கட்டி வைத்திருந்தார், தலைக்குத் தூக்கிவிடச் சொன்னார். தூக்கிவிட்டேன். உள்ளங்கையில் இரண்டு இடத்தில் முள் ஏறியது.